கழுத்துக்குக் குளிர்ப்பட்டை தைக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயில் நாளில் கழுத்தில் சுற்றிக் கட்டிக்கொள்ளும் துணிப்பட்டை இது. உள்ளே கொஞ்சம் நீர் உறிஞ்சும் பரல் இருக்கும். தண்ணீரில் ஊறப் போட்டால் பரல் ஜெல்லாக உப்பிக்கொள்ளும். பிறகு மணிக்கணக்கில் பட்டை ஈரமாகவே இருக்கும். தைப்பது சுலபம், ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் முதல்முறை தைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். கீழே உள்ள கேள்விகள், எனக்கே முதலில் எழுந்தவையும் நான் தைத்துக் கொடுத்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவையும்.

தண்ணீரை வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் எப்படிக் குளிரும்?

வைத்துக்கொண்டிருப்பதால் குளிர்வதில்லை, காய்வதால் குளிர்கிறது. துணியின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் துணியிடமிருந்தும், துணி தொட்டுக்கொண்டிருக்கும் தோலிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வியர்வை செய்யும் வேலையும் இதேதான். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான்.

இதன் பலத்தைப் பலர் குறைவாக எடை போடுகிறார்கள். 1 கிராம் பனிக்கட்டி உருக சுமார் 334 ஜூல் வெப்பம் போதும். 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். அதாவது ஏழு மடங்கு. பட்டைக்குள் இருக்கும் ஜெல் வெறும் தண்ணீர்த் தொட்டிதான். குளிர்விக்கிற வேலையைச் செய்வது மேலே இருக்கும் துணி. இதை மனதில் வைத்துக்கொண்டால், எந்தத் துணி, எவ்வளவு பரல், எப்படிக் கட்டுவது என்ற எல்லாக் கேள்விக்கும் பாதி பதில் தானாகவே வந்துவிடும்.

அப்படியானால் ஒரு ஈரத்துண்டு போதாதா?

போதும். பொய் சொல்வானேன், முதல் பத்து நிமிடத்துக்கு ஈரத்துண்டுதான் இன்னும் நன்றாகக் குளிர வைக்கும். ஆனால் அது முதுகில் சொட்டும், சட்டையை நனைக்கும், காற்றடித்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். பட்டை சொட்டாது, காலையில் கட்டினால் மதியத்துக்கு மேலும் ஈரம் இருக்கும். வெளியில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கும், நடந்தோ வண்டியிலோ வெகுதூரம் போகிறவர்களுக்கும் இந்த வித்தியாசம் பெரிது. வீட்டில் குழாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறவர்கள் துண்டை நனைத்துப் போட்டுக்கொள்ளலாம், தைக்கவே வேண்டாம்.

புழுக்கமான இடத்தில் வேலை செய்யுமா?

அரைகுறையாக. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணி காயாது, காயாவிட்டால் குளிராது. ஈரத்துணி எவ்வளவு தூரம் குளிரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு, அதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வெயில் 35 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 22 டிகிரி. அதே 35 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் எல்லை 32 டிகிரிக்கு ஏறிவிடும். நம் தோலின் வெப்பமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் கட்டியும் கட்டாதது போல் இருக்கும். புழுக்கமான நாளில் மின்விசிறிக்கு எதிரில் உட்கார்ந்தால் கொஞ்சம் பலன் தெரியும். வருடம் முழுக்கப் புழுக்கம்தான் என்றால் இதற்காக மெனக்கெட வேண்டாம் என்றே சொல்வேன்.

எந்தத் துணி நல்லது?

முழுப் பருத்தி. பாலியஸ்டர் கலந்த துணி தண்ணீரைச் சரியாக இழுத்துப் பரப்பாது. உள்ளே ஜெல் குளமாக இருக்கும், வெளியே துணி காய்ந்து கிடக்கும். நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். பாப்லின் போன்ற சட்டைத்துணி மிகப் பொருத்தம். மல் துணி மாதிரி மெல்லியதில் ஜெல் துணுக்குகள் வெளியே வந்து கழுத்தில் வழவழவென்று ஒட்டும். ஜீன்ஸ் துணி கனம் அதிகம், தைப்பதும் சிரமம்.

சந்தேகம் இருந்தால், துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிப் பரவினால் சரி. முத்துப்போல உருண்டு நின்றால், ஒன்று செயற்கை இழை கலந்திருக்கிறது, இல்லை புதுத்துணியின் கஞ்சி போகவில்லை. கஞ்சிதான் காரணம் என்றால் அலசிவிட்டு மறுபடி சோதிக்கலாம். எப்படியிருந்தாலும் வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை சோப்புப் போட்டு அலசிக் காயவைப்பது அவசியம். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகிற துணியா என்பதும் தெரிந்துவிடும். சாயம் போகும் சிவப்புத் துணியை ஈரமாகக் கழுத்தில் கட்டினால் சட்டைக் காலர் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய பருத்திச் சட்டையின் முதுகுப்பக்கம், பழைய படுக்கை விரிப்பு எல்லாம் அருமையாக ஆகும். பலமுறை துவைத்த துணி புதுத்துணியைவிட நன்றாக உறிஞ்சும்.

உள்ளே போடும் பரல் எது?

செடித் தொட்டி மண்ணில் ஈரம் தங்குவதற்காகக் கலக்கும் நீர் உறிஞ்சும் பரல். உப்புக்கல் போல இருக்கும். வேதிப்பெயர் குறுக்கிணைப்புள்ள பாலிஅக்ரிலமைடு அல்லது பொட்டாசியம் பாலிஅக்ரிலேட். செடிப் பொருள்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும். மிகவும் பொடியானதும் வேண்டாம், மிகப் பெரியதும் வேண்டாம், நடுத்தரப் பரலாகப் பாருங்கள்.

குழந்தை டயப்பரைப் பிரித்து அதிலிருக்கும் பொடியை எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது சோடியம் பாலிஅக்ரிலேட், இனம் ஒன்றுதான். ஆனால் பொடியாக இருப்பதால் துணி வழியே கசியும், பஞ்சோடு கலந்து வேறு வரும். வேண்டாம். அலங்காரத்துக்குப் பூச்சாடியில் போடும் வண்ண நீர்முத்துகளும் வேண்டாம். அவை கோலிகுண்டு அளவுக்கு உப்பும், கழுத்தில் உறுத்தும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்தும்கூட. புதுக் காலணிப் பெட்டியில் வரும் சிறு பொட்டலத்தில் இருப்பது சிலிகா ஜெல். அது வேறு சரக்கு. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கும், இதைப்போல உப்பாது.

எவ்வளவு பரல் போட வேண்டும்?

எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான்.

என் முதல் பட்டைக்கு அளவாக யாரோ "2 ஸ்பூன்" என்று சொல்லியிருந்தார்கள். எந்த ஸ்பூன் என்று நானும் கேட்கவில்லை. கையில் அகப்பட்ட பெரிய ஸ்பூனால் இரண்டு முறை அள்ளிப் போட்டேன். போட்டபோது பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருந்தது, இது போதுமா என்றுகூட யோசித்தேன். இரவு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் நடுத்தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது, வாளி நிறையக் கண்ணாடித் துண்டு போல ஜெல். பிரியாமல் மிச்சமிருந்த பகுதி கட்டையைப் போல விறைத்து நின்றது, வளைக்கவே முடியவில்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. கீழே நான் சொல்லப்போகும் அளவில் தைத்தால் பட்டையின் ஜெல் பகுதிக்குள் சுமார் 200 மில்லிதான் கொள்ளும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால் போதும், அப்போதுதான் கழுத்துக்கேற்ப வளையும். ஆக, உங்களுக்கு வேண்டியது ஏறக்குறைய 130 மில்லி ஜெல். அதற்கு எவ்வளவு பரல் என்பது பரலையும் உங்கள் வீட்டுத் தண்ணீரையும் பொறுத்தது. உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடின நீரில் பரல் குறைவாக உப்பும். மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ அதே பரல் பல மடங்கு அதிகமாக உப்பும்.

அதனால் அடுத்தவர் அளவை நம்பாமல் இப்படிச் செய்யுங்கள். கால் டீஸ்பூன் பரலை ஒரு பெரிய பாத்திரத் தண்ணீரில் இரவு முழுக்க ஊற விடுங்கள். வழக்கமாகப் பட்டையை ஊறவைக்கப் போகும் அதே தண்ணீராக இருக்கட்டும். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டி, தங்கிய ஜெல்லை அளவுக் கோப்பையில் போட்டுப் பாருங்கள். எனக்கு 90 மில்லி வந்தது. அப்படியானால் 130 மில்லிக்குக் கால் டீஸ்பூனும் அதில் பாதியும் சேர்ந்தால் போதும், அரை டீஸ்பூன்கூட வேண்டாம். சந்தேகம் வந்தால் குறைத்தே போடுங்கள். குறைந்தால் கொஞ்சம் சீக்கிரம் காயும், அவ்வளவுதான். கூடினால் தையல் பிரியும்.

துணியை எந்த அளவில் வெட்டுவது?

அகலம் 4 இஞ்சு, நீளம் 42 இஞ்சு. நீளவாட்டில் மடித்துக் கால் இஞ்சு விட்டுத் தைத்தால், படுக்கையாக வைக்கும்போது ஒன்றே முக்கால் இஞ்சு அகலமுள்ள குழாய் கிடைக்கும். நடுவில் 16 இஞ்சு மட்டும் ஜெல் பகுதி, இரண்டு பக்கமும் மிச்சமிருப்பது முடிச்சுப் போட. கழுத்து மெலிந்தவர்களுக்கு 38 இஞ்சு நீளமே தாராளம்.

அகலத்தைக் கூட்டினால் குளிர் கூடும் என்று நினைத்து நான் ஒருமுறை 6 இஞ்சுத் துணியில் தைத்தேன். தலையைத் திருப்ப முடியாமல் போனதுதான் மிச்சம்.

துணியின் நேர்நூல் நீளவாட்டில் வரும்படி வெட்டுங்கள். குறுக்கே சாய்த்து வெட்டினால் ஈரத்தின் கனத்தில் பட்டை இழுபட்டு நீண்டுகொண்டே போகும்.

தைக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாட்டில் இரண்டாக மடித்துக் குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். நீளமான திறந்த ஓரத்தைக் கால் இஞ்சு விட்டு, நெருக்கமான தையலாகத் தைத்துக்கொண்டே போங்கள். தையல் நீளம் 2 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். முடித்ததும் அதன் மேலேயே இன்னொரு ஓட்டு ஓட்டிவிடுங்கள், இது ஈரத்திலும் கனத்திலும் உழைக்கப்போகும் தையல். நூல் பாலியஸ்டராக இருப்பது நல்லது. துணிக்குப் பருத்தி, நூலுக்குப் பாலியஸ்டர். பருத்தி நூல் நாள்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் நைந்துவிடும். ஊசி 14ஆம் நம்பர் போதும்.

இப்போது இரண்டு முனையும் திறந்த நீளக் குழாய் இருக்கும். ஒரு முனையில் ஊக்கு ஒன்றைக் குத்தி, அதைக் குழாய்க்குள்ளேயே விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் மறுமுனையில் வெளிவரும். இழுத்தால் குழாய் நல்ல பக்கம் வெளியே வரும்படி திரும்பிவிடும். தையல் ஓரத்தை நகத்தால் நீவி, பிறகு அயர்ன் செய்யுங்கள். அயர்ன் செய்யாமல் மேலே போனால் குறிகள் எல்லாம் கோணலாக விழும்.

நீளத்தில் சரிபாதியைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து இடப்பக்கம் 8 இஞ்சு தள்ளி ஒரு குறுக்குக் கோடும், வலப்பக்கம் 8 இஞ்சு தள்ளி ஒன்றும் சாக்பீஸால் போடுங்கள். நடுவில் உள்ள 16 இஞ்சை நான்கு 4 இஞ்சு அறைகளாகப் பிரித்துக் கோடு போடுங்கள். அறை பிரிக்காமல் தைத்தால் ஜெல் முழுக்கக் கழுத்தின் ஒரு பக்கமாகப் போய்த் தொங்கும்.

இடப்பக்க ஓரக் கோட்டின் மேல் முதலில் தையுங்கள். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, வலப்பக்க வாய் வழியாகப் பரலில் நான்கில் ஒரு பங்கை உள்ளே போடுங்கள். காகிதத்தைச் சுருட்டிப் புனல் மாதிரி செய்தால் சிந்தாது. தட்டித் தட்டி அடியில் இறக்கிவிட்டு, அடுத்த கோட்டைத் தையுங்கள். மறுபடி பரல், மறுபடி தையல். நான்காவது அறையை மூடியதும் வலப்பக்க ஓரக் கோடு வந்துவிடும். ஒவ்வொரு குறுக்குத் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் தையல் போட மறக்காதீர்கள், பிரிய ஆரம்பித்தால் அங்கிருந்துதான் பிரியும். கடைசியாக இரண்டு முனைகளையும் அரை இஞ்சு உள்ளே மடித்துத் தைத்துவிட்டால் முடிந்தது.

ஊசியடியில் பரல் மாட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

துணிக்கும் பரலுக்கும் நிலைமின் ஈர்ப்பு உண்டு, தட்டினாலும் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். தைப்பதற்கு முன் கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், மணல் போல நெருடும். அறைப்பக்கம் தள்ளிவிட்டு, கோட்டிலிருந்து அரை இஞ்சு கீழே ஒரு குண்டூசி குத்தினால் மேலே ஏறாது. பரலின் மேல் ஊசி இறங்கினால் ஊசி உடையலாம். பரல் சிந்தினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அப்புறம் மேஜை முழுக்க வழவழப்புதான். காய்ந்த துடைப்பமோ தூரிகையோ போதும்.

மிஷின் இல்லை, கையால் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் வெறும் ஓட்டுத்தையல் தாங்காது. ஒவ்வொரு தையலும் பின்னால் போய் முன்னால் வரும் பின்தையலாக, நெருக்கமாகப் போடுங்கள். 42 இஞ்சு நீளத்துக்கும் இப்படிப் போட்டு முடிக்கப் பொறுமை வேண்டும்.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

அன்றாடம் அரை மணி நேரம் போதும். ஆனால் தைத்து முடித்த முதல் தடவை மட்டும் இரவு முழுக்க ஊறவிட்டு, எவ்வளவு உப்புகிறது என்று பார்த்துவிடுங்கள். தையலில் ஏதாவது குறை இருந்தால் கழுத்தில் கட்டுவதற்கு முன்பே வாளியில் தெரிந்துவிடும். முதல் தடவை மேல்புறம் லேசாக வழவழக்கலாம். பரலோடு இருந்த தூசி வெளியே வருவதுதான் அது, இரண்டு மூன்று அலசலில் போய்விடும். அதற்குப் பிறகும் வழவழத்தால் துணியின் நெசவு போதவில்லை என்று அர்த்தம்.

எப்படிக் கட்டுவது?

ஜெல் பகுதி பிடரியிலும் கழுத்தின் இரு பக்கமும் படும்படி, முன்னால் தளர்வாக ஒரு முடிச்சு. நீளத்தையல் வெளிப்பக்கமாக இருந்தால் தோலில் உராயாது. கட்டுவதற்கு முன் துண்டால் மேலோட்டமாக ஒற்றி எடுத்தால் சொட்டாது.

இதைக் காலருக்குள் மறைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு, அழகுக்காக. காற்றுப் படாத துணி காயாது. பத்தே நிமிடத்தில் வெதுவெதுப்பான ஈரக்கயிறு ஒன்று கழுத்தைச் சுற்றிக் கிடக்கும், அதற்குக் கட்டாமலே இருக்கலாம். காலரைத் திறந்துவிட்டு மேலே தெரியும்படிதான் கட்ட வேண்டும். தோலை ஒட்டிய பக்கம் சூடேறிவிட்டதாகத் தோன்றினால் பட்டையைப் புரட்டிப் போடுங்கள், மறுபக்கம் ஜில்லென்று இருக்கும். துணி காய்ந்து ஜெல் மட்டும் உப்பலாக இருந்தால் மறுபடி ஊறவைக்க வேண்டியதில்லை. கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து மேலே தடவினாலே உயிர் வந்துவிடும்.

சுழலும் இயந்திரம், துளைக்கும் கருவி, கடைசல் எந்திரம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள் முனை தொங்கும் முடிச்சுப் பட்டையைக் கட்டவே கூடாது. அவர்களுக்கு முனையை வெட்டிவிட்டு, கழுத்தளவுக்கு மேல் 3 இஞ்சு மட்டும் விட்டு வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுங்கள். பிடித்து இழுத்தால் கழன்றுவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்துக் கட்டினால் இன்னும் குளிருமா?

முதல் சில நிமிடம் சுகமாக இருக்கும். கணக்குப் பார்த்தால் பெரிய லாபம் இல்லை. 100 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குக் குளிர வைத்தால், அது மறுபடி சூடேறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பம் 9 கிலோஜூல் சொச்சம். அதே 100 கிராம் கழுத்திலேயே காய்ந்து முடிந்தால் எடுத்துக்கொள்ளும் வெப்பம் 240 கிலோஜூல், அதில் ஒரு பங்கு சுற்றியுள்ள காற்றிலிருந்து போனாலும்கூட. புழுக்கமான நாளில் மட்டும் ஃப்ரிட்ஜ் கைகொடுக்கும், ஏனென்றால் அன்று காய்வது நடக்காது.

ஃப்ரீசர் வேண்டாம். உறைந்த பட்டை கழுத்துக்கு வளையாது. பனிக்கட்டி நேரடியாகத் தோலில் நெடுநேரம் பட்டால் தோல் புண்ணாகும்.

துவைப்பது எப்படி? நாற்றம் வருகிறதே?

கையால், மிதமான சோப்பில், பிழியாமல். மிஷினில் போட்டால் சுழற்சியில் அறைகள் பிளந்துகொள்ளும். துணி மென்மையாக்கும் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள், அது இழைகளின் மேல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுக்கும்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரத்தோடு மூடி வைப்பது. வேலை முடிந்து வந்ததும் கழற்றிப் பையில் திணித்துவிட்டு மறந்தால் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வரும், அப்புறம் கரும்புள்ளி. தினமும் கழற்றியவுடன் நல்ல தண்ணீரில் அலசிக் காற்றோட்டமான இடத்தில் கொடியில் போடுங்கள். கரும்புள்ளி வந்துவிட்டால் நான் தூக்கிப் போட்டுவிடுவேன். கழுத்தில் படுகிற பொருள், இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

நாளடைவில் சரியாக உப்புவதில்லை, ஏன்?

உப்பு. வியர்வை உப்பும் கடின நீரின் சுண்ணாம்பும் ஜெல்லுக்குள் சேர்ந்துவிடுகின்றன. உப்பு சேரச் சேர ஜெல் தண்ணீரைப் பிடித்து வைக்கும் திறன் குறையும். நல்ல தண்ணீரிலோ மழைநீரிலோ ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் வியர்வை உப்பு பெருமளவு வெளியேறிவிடும். சுண்ணாம்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. கடும் வெயிலில் கொடியில் காயப் போடுவதாலும் ஜெல் மெல்ல மெல்லச் சிதையும், நிழலில் போடுங்கள்.

இந்தக் குணமே வேறோர் இடத்தில் உதவும். பட்டை பிரிந்து ஜெல் தரையில் கொட்டிவிட்டால் கால் வைக்காதீர்கள், எண்ணெய்த் தரை போல வழுக்கும். மேலே இரண்டு கைப்பிடி உப்பைத் தூவிச் சிறிது நேரம் விடுங்கள். ஜெல் தளர்ந்து தண்ணீர் விட்டுவிடும், மிஞ்சியதைக் காகிதத்தால் வழித்தெடுக்கலாம். என் வாளிச் சம்பவத்தன்று இது தெரியாமல் குளியலறையில் ஒரு மணி நேரம் அல்லாடினேன்.

ஏற்கெனவே அதிகம் போட்டுத் தைத்துவிட்டேன். காப்பாற்ற வழி உண்டா?

உண்டு. ஊறி உப்பியிருக்கும்போதே ஒவ்வொரு அறையிலும் நீளத்தையலை ஓர் இஞ்சு பிரித்து, வேண்டாத ஜெல்லைப் பிதுக்கி எடுத்துவிடுங்கள். பட்டையைக் கொடியில் போட்டு முழுக்கக் காயவிட்டுப் பிரித்த இடத்தைத் தையுங்கள். காய்வதற்கு 3 நாளோ ஒரு வாரமோ ஆகும். ஈரத்தோடு தைக்கப் போனால் ஊசியும் வழுக்கும், பொறுமையும் போகும்.

குழந்தைகளுக்குக் கட்டலாமா?

சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தைச் சுற்றிய எந்த முடிச்சும் விளையாட்டில் எங்காவது மாட்டிக்கொள்ளலாம். பரலை விழுங்கினால் வயிற்றுக்குள் உப்பும். நீர்முத்துகளை விழுங்கிக் குடல் அடைபட்டு அறுவைச் சிகிச்சை வரை போன குழந்தைகள் உண்டு. தைக்கும்போதும் பரல் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு என்றால் பரல் இல்லாத பட்டையை, வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். யாராக இருந்தாலும் கட்டிக்கொண்டு தூங்கக் கூடாது.

நாய்க்கு?

கடித்துப் பிய்க்காத நாயை நான் பார்த்ததில்லை. பரல் வேண்டாம், ஈரத்துணி போதும்.

பரலே இல்லாமல் தைக்க முடியுமா?

முடியும், பலருக்கு அதுவே நல்லது. குழாயின் நடுப்பகுதிக்குள் பரலுக்குப் பதில் பழைய துவாலையை 16 இஞ்சு நீளம், ஒன்றரை இஞ்சு அகலத்தில் இரண்டு மடிப்பாக வெட்டி நுழைத்து, இரண்டு ஓரத்திலும் தைத்துவிடுங்கள். அறை பிரிக்கும் வேலை இல்லை, பிரியும் பயம் இல்லை, தாராளமாக மிஷினில் துவைக்கலாம். காற்றடிக்கும் நாளில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைக்க வேண்டியிருக்கும், அது ஒன்றுதான் குறை. முதல்முறை தைக்கிறவர்கள் இதில் ஆரம்பிக்கலாம்.

இதைக் கட்டிக்கொண்டால் வெயில் தாக்காதா?

அப்படி நினைப்பதுதான் இதிலுள்ள உண்மையான ஆபத்து. கழுத்து குளிர்ந்தால் உடம்பு முழுக்கக் குளிர்ந்த மாதிரி தோன்றும், ஏனென்றால் வெப்பத்தை உணரும் விஷயத்தில் கழுத்தும் முகமும் மற்ற இடங்களைவிடக் கூர்மையானவை. ஆனால் உடலின் உள் வெப்பநிலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை. சுகமாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிடுவோம். எனவே பட்டை கட்டியிருந்தாலும் நிழலில் ஓய்வு, அடிக்கடி தண்ணீர் இரண்டையும் விடக் கூடாது.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் வேலையை நிறுத்திவிட்டு நிழலுக்கு வந்துவிடுங்கள். ஒருவர் குழம்பிப் பேசினாலோ, தடுமாறினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு. உள் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, அவர் மேல் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அந்த நேரத்தில் கழுத்துப்பட்டை எதற்கும் காணாது.

கோடை முடிந்ததும் எப்படி எடுத்து வைப்பது?

அலசி, நிழலில் தொங்கவிட்டு, பரல் மறுபடி மணல் போல நெருடும் வரை காயவிடுங்கள். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், அறைக்குள் மட்டும் ரப்பர் மாதிரி ஒரு கட்டி இருக்கும். அது ஈரம்தான், இன்னும் இரண்டு நாள் தொங்கட்டும். பிறகு காகிதத்தில் சுற்றி அலமாரியில் வைக்கலாம்.

துணி நைந்துபோனால் பரலை வீணாக்க வேண்டாம். காய்ந்தபின் தையலைப் பிரித்துக் கொட்டி, புதுப் பட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். செடிக்கான பரல் என்றால் தொட்டி மண்ணில் கலந்துவிடலாம், உப்பு தூவிக் கரைத்ததை மட்டும் செடிக்குப் போடாதீர்கள். எதுவானாலும் கழிவுநீர்க் குழாயில் கொட்டக் கூடாது. குழாய்க்குள்ளும் தண்ணீர் இருக்கிறது, அங்கேயும் அது உப்பும்.